விஎம்வேரிலிருந்து பிராக்ஸ்மாக்ஸுக்கு மெய்நிகர் இயந்திரங்களை மாற்றும் முறை

பிராட்காம் நிறுவனம் ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளைத் தரும் விஎம்வேரை 2023 நவம்பரில் கையகப்படுத்தி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை மட்டுமே என்றாயிற்று. சர்வரில் நேரடியாக நிறுவப்படும் அதன் ஈஎஸ்எக்ஸ்ஐ தளத்தின் இலவசப் பதிப்பும் 2024 பிப்ரவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. இலவசப் பதிப்பு 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது என்றாலும், இரண்டு மூன்று சர்வர்களில் பத்துப் பதினைந்து மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டிவந்த அலுவலகங்கள் பல அதற்குள் மாற்று வழி தேடத் தொடங்கிவிட்டன. அப்படித் தேடுவோர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் பிராக்ஸ்மாக்ஸ் விஇ. வியன்னாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டுவரும் இந்தத் திறந்த மூல மென்பொருள், டெபியன் லினக்ஸின் மேல், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் அடித்தளமான கேவிஎம் ஹைப்பர்வைசரை அமைத்து, எல்லாவற்றையும் பிரவுசர் வழியாகவே நிர்வகிக்க இடம் தருகிறது.

ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஓடும் இயந்திரங்களைப் பிராக்ஸ்மாக்ஸுக்குக் கொண்டுவரும் முறையை இங்கே விளக்குகிறேன். ஹைப்பர்-வி, விர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவற்றிலிருந்து வருவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வட்டுக் கோப்பை ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது இந்த வேலையின் மிக எளிய பகுதி. ஒரே கட்டளையில் முடிந்துவிடும். சிக்கல் வருவதெல்லாம் உள்ளே இருக்கும் இயக்க முறைமையில்தான். அதைத் தயார்செய்ய ஏற்ற நேரம், அது பழைய தளத்தில் இன்னும் நலமாக ஓடிக்கொண்டிருக்கும் நேரமே. இயந்திரத்தை அணைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

எது மாறுகிறது

ஒரு மெய்நிகர் இயந்திரம் என்பது அடிப்படையில் இரண்டு பொருள்கள்: அதன் வன்பொருள் அமைப்பைச் சொல்லும் ஒரு சிறிய உரைக்கோப்பு, தரவு இருக்கும் வட்டுக் கோப்புகள். விஎம்வேரில் முதலாவது விஎம்எக்ஸ் கோப்பு, இரண்டாவது விஎம்டிகே கோப்பு. தளம் மாறும்போது அமைப்புக் கோப்பு அப்படியே வருவதில்லை; புதிய தளத்தில் புதிதாக எழுதப்படுகிறது. அதாவது, உள்ளே ஓடும் விண்டோஸோ லினக்ஸோ அடுத்த முறை கண்விழிக்கும்போது முற்றிலும் வேறொரு மதர்போர்டில் இருக்கும். விஎம்வேரில் அது பார்த்துப் பழகிய வட்டுக் கண்ட்ரோலர் பிவி-ஸ்கஸி அல்லது எல்எஸ்ஐ லாஜிக். நெட்வொர்க் கார்டு விஎம்எக்ஸ்நெட்3. கேவிஎம்மில் அந்த இடங்களில் விர்ட்ஐஓ ஸ்கஸியும் விர்ட்ஐஓ நெட்வொர்க் கார்டும் இருக்கும். லினக்ஸ் கெர்னலில் விர்ட்ஐஓ டிரைவர்கள் நெடுங்காலமாகவே இருக்கின்றன. விண்டோஸில் அவை இல்லை; நாம்தான் நிறுவ வேண்டும்.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் விவரங்களை எழுதி வையுங்கள். வட்டுகள் எத்தனை, எந்த வரிசையில் இருக்கின்றன, எந்தக் கண்ட்ரோலரில் இணைந்திருக்கின்றன. நெட்வொர்க் கார்டுகள் எத்தனை, ஒவ்வொன்றின் மேக் முகவரி, விலான் எண், ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் என்ன என்பவை கட்டாயம் வேண்டும். யூஎஸ்பி வழியாக இணைத்த உரிம டாங்கிள் ஏதேனும் இருந்தால், அது எந்த ஹோஸ்டில் (இயந்திரங்களை ஓட்டும் நிஜக் கணினியில்) செருகப்பட்டிருக்கிறது என்பதையும் குறியுங்கள்; கணக்கு மென்பொருள் ஓடும் சர்வர்களில் இதை மறந்துவிட்டுப் பிறகு தேடுவது வழக்கமாக நடப்பது.

இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரின் வகையைத் தவறாமல் பாருங்கள். விஎம்எக்ஸ் கோப்பில் ஃபர்ம்வேர் என்ற வரி இருந்து அதில் ஈஎஃப்ஐ என்று எழுதியிருந்தால் அந்த இயந்திரம் யூஈஎஃப்ஐ முறையில் தொடங்குகிறது. அந்த வரியே இல்லையென்றால் பழைய பயாஸ் முறை. விண்டோஸுக்குள்ளிருந்து பார்ப்பதானால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோட் என்ற வரி இதைச் சொல்லிவிடும். பயாஸ் இயந்திரத்துக்குப் பிராக்ஸ்மாக்ஸில் சீபயாஸ், யூஈஎஃப்ஐ இயந்திரத்துக்கு ஓவிஎம்எஃப் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றித் தேர்ந்தெடுத்தால் வட்டில் எந்தக் குறையும் இல்லாதபோதும் தொடங்கும் வட்டு எதுவும் கிடைக்கவில்லை என்றே திரை சொல்லும். வட்டு மாற்றம்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் மறுபடி மறுபடி நகலெடுப்பவர்கள் உண்டு.

அடுத்தது ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது இயந்திரம் ஒரு கணத்தில் இருந்த நிலையைப் பிடித்துவைக்கும் பதிவுகள். ஈஎஸ்எக்ஸ்ஐயின் தரவுக் கிடங்கில் ஒரு வட்டைத் தேடினால் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்று சில நூறு பைட்டுகளே கொண்ட விளக்கக் கோப்பு; எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். மற்றொன்று, பெயரின் ஈற்றில் ஃபிளாட் என்ற சொல்லைக் கொண்ட பெரிய கோப்பு. தரவு அதில்தான் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் இவற்றோடு 000001, 000002 என்ற எண்களைத் தாங்கிய கோப்புகளும் சேர்ந்துகொள்ளும். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து எழுதப்பட்ட தரவெல்லாம் அந்த எண்ணிட்ட கோப்புகளில் இருப்பதால், அடிப்படைக் கோப்பை மட்டும் நகலெடுத்து மாற்றினால் இயந்திரம் நன்றாகவே தொடங்கும், ஆனால் ஸ்னாப்ஷாட் எடுத்த நாளின் தரவோடு தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே மாற்றத்துக்கு முன் எல்லா ஸ்னாப்ஷாட்டுகளையும் நீக்கி, ஒருங்கிணைப்பு முழுமையாக முடிந்து எண்ணிட்ட கோப்புகள் மறைந்துவிட்டனவா என்று தரவுக் கிடங்கிலேயே நேரில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பேக்கப் மென்பொருள்கள் விட்டுச்சென்ற ஸ்னாப்ஷாட்டுகள் சில நேரங்களில் மேலாண்மைப் பட்டியலில் தெரியாமல் கிடங்கில் மட்டும் கிடக்கும்.

விண்டோஸைத் தயார்செய்தல்

விண்டோஸ் சர்வரில் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை முக்கியம். முதலில் விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, விஎம்வேரில் ஓடும்போதே இயந்திரத்துக்குள் அதன் நிறுவியை இயக்கிவிடுங்கள். இதனால் டிரைவர் கோப்புகள் விண்டோஸின் கிடங்கில் சேர்ந்துவிடும். எனினும் அந்த வன்பொருளை விண்டோஸ் ஒருமுறையேனும் கண்ணால் காணும்வரை, தொடக்க நேரத்திலேயே ஏற்ற வேண்டிய டிரைவராக அதைக் கருதாமல் போகலாம். அதற்கான தீர்வு பின்னால் வருகிறது.

அடுத்து, உள்ளூர் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். டொமைனில் சேர்ந்த சர்வர் நெட்வொர்க் இல்லாமல் கண்விழிக்கும்போது டொமைன் கணக்கு உள்ளே விடாமல் போகலாம். உள்ளூர்க் கடவுச்சொல்லை யாரும் நினைவில் வைத்திராத சர்வர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இருந்தால் அதற்குத் தனிக் கவனம் தேவை. மெய்நிகர் டிபிஎம்மில் (திறவுகோல்களைக் காக்கும் சில்லில்) இருக்கும் திறவுகோல் தளம் விட்டுத் தளம் வராது. பீரோ புது வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, சாவி மட்டும் பழைய வீட்டு ஆணியில் தொங்குகிறது என்ற நிலைதான். மீட்புத் திறவுகோலைத் தனியே சேமித்துவைத்து, முடிந்தால் குறியாக்கத்தை முழுமையாக நீக்கிவிட்டே மாற்றத்தைத் தொடங்குங்கள். விஎம்வேரின் சேமிப்புக் கொள்கை வழியாகக் குறியாக்கம் செய்த வட்டுகளுக்கும் இதே விதிதான். கொள்கையை அகற்றிய பிறகே அவற்றை எடுக்க முடியும்.

ஹைபர்னேஷனையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியையும் அணைத்துவிடுங்கள். அவை இயங்கும்போது நாம் அணைக்கும் இயந்திரம் உண்மையில் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அதன் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையும் முழுமையாக மூடப்பட்டிராது.

கடைசியாக, இயந்திரத்துக்குள் நிறுவியிருக்கும் விஎம்வேரின் டிரைவர் தொகுப்பான விஎம்வேர் டூல்ஸை நீக்குங்கள். இதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், புதிய தளத்தில் நீக்க முயலும்போது, தான் விஎம்வேர் இயந்திரத்துக்குள் இல்லை என்று அறிந்து அதன் நிறுவி நீக்கவும் மறுத்துவிடுவதுண்டு. டூல்ஸோடு விஎம்எக்ஸ்நெட்3 டிரைவரும் போய்விடுவதால் அந்த நிமிடமே ரிமோட் டெஸ்க்டாப் துண்டிக்கப்படும். பிவி-ஸ்கஸி டிரைவரும் சேர்ந்து போய்விட்டால் பழைய தளத்திலேயே மறுபடி தொடங்க முடியாமல் போகலாம். எனவே நீக்கும் வேலையைக் கன்சோல் வழியாகச் செய்து, மறுதொடக்கம் கேட்டால் மறுத்து, நேரே முழுமையாக அணைத்துவிடுவதே முறை. திரும்பிப்போகும் வழி திறந்திருக்க வேண்டுமென்றால், இந்தப் படிக்குச் சற்று முன் முழு பேக்கப் ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும்.

லினக்ஸைத் தயார்செய்தல்

லினக்ஸில் வேலை குறைவு. ஆனால் செய்யாமல் விட்டால் ஒரே இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ரெட் ஹேட், ராக்கி, அல்மா போன்ற குடும்பத்தில் தொடக்க இமேஜான இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் டிராகட் கருவி, அந்தக் கணத்தில் இருக்கும் வன்பொருளுக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே உள்ளே வைக்கிறது. விஎம்வேரில் கட்டிய இமேஜில் விர்ட்ஐஓ இருக்க வாய்ப்பில்லை. கெர்னலில் டிரைவர் இருந்தும் வட்டைத் திறக்கும் முன் அது கைக்குக் கிடைக்காததால், டிராகட் அவசர ஷெல்லில் போய் நிற்கும். ஹோஸ்ட்-ஒன்லி முறையை விலக்கும் விருப்பத்தோடும் எல்லாக் கெர்னல்களுக்கும் மறுபடி கட்டும் விருப்பத்தோடும் டிராகட்டை ஒருமுறை இயக்கிவிட்டால் இது தீர்ந்தது. டெபியனும் உபுண்டுவும் இயல்பாகவே பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்துக்கொள்வதால் அவற்றில் இச்சிக்கல் அரிது.

எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டுகள் யூயூஐடி என்ற அடையாள எண் வழியாகவோ எல்விஎம் பெயர் வழியாகவோ குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற சாதனப் பெயர்களை நேரடியாக எழுதிவைத்த பழைய சர்வர்கள் கண்ட்ரோலர் மாறும்போது குழம்பும்.

நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறும். விஎம்வேரில் விஎம்எக்ஸ்நெட்3 கார்டுக்கு வழக்கமாக ஈஎன்எஸ்192 என்று பெயர்; பிராக்ஸ்மாக்ஸில் அதன் இடத்தில் வரும் கார்டின் பெயர் ஈஎன்எஸ்18 ஆகிவிடும். இயந்திர வகையாக க்யூ35 தேர்ந்தெடுத்திருந்தால் ஈஎன்பி6எஸ்18. இப்பெயர் கார்டு செருகப்பட்டிருக்கும் பிசிஐ இடத்தைப் பொறுத்தது என்பதால், மேக் முகவரியை அப்படியே வைத்துக்கொண்டாலும் பெயர் மாறத்தான் செய்யும். டெபியனில் இன்டர்ஃபேசஸ் கோப்பு, உபுண்டுவில் நெட்பிளான், ரெட் ஹேட் குடும்பத்தில் நெட்வொர்க்மேனேஜரின் இணைப்புக் கோப்பு என்று எங்கே பழைய பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே மாற்ற வேண்டும். ஃபயர்வால் விதிகளிலும் டிஹெச்சிபி சர்வர் அமைப்பிலும் அந்தப் பெயர் ஒளிந்திருக்கலாம். ஈடிசி கோப்பகம் முழுவதும் ஈஎன்எஸ்192 என்று ஒரு தேடல் நடத்திவிடுவது பாதுகாப்பு.

வட்டைக் கொண்டுவரும் வழிகள்

2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பிலிருந்து பிராக்ஸ்மாக்ஸில் ஈஎஸ்எக்ஸ்ஐக்கான இறக்குமதி வழிகாட்டி உண்டு. முதலில் முயல வேண்டியது அதுவே. டேட்டாசென்டர் பகுதியில் ஸ்டோரேஜ் பக்கத்துக்குச் சென்று, புதிய சேமிப்பிடமாக ஈஎஸ்எக்ஸ்ஐ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைத் தாருங்கள். தானே கையொப்பமிட்ட சான்றிதழ் என்றால் சான்றிதழ்ச் சோதனையைத் தவிர்க்கும் பெட்டியையும் குறிக்க வேண்டும். இடப்பக்க மரத்தில் அது ஒரு சேமிப்பிடமாகத் தோன்றும். சொடுக்கினால் அங்குள்ள இயந்திரங்களின் விஎம்எக்ஸ் கோப்புகள் பட்டியலாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து இறக்குமதிப் பொத்தானை அழுத்தினால், வட்டுகள் எந்தச் சேமிப்பிடத்துக்கு வர வேண்டும், நெட்வொர்க் எந்தப் பிரிட்ஜில் இணைய வேண்டும் என்பவற்றைக் கேட்டு, உருவாகப்போகும் அமைப்பையும் காட்டும். அதைப் படித்துப் பாராமல் அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள்; ஃபர்ம்வேர் வகையை நாம் எழுதிவைத்த பக்கத்தோடு ஒப்பிட வேண்டிய இடம் அது.

இந்த வழிகாட்டியில் சில வரம்புகள் இருக்கின்றன. பல ஹோஸ்டுகளை ஒருசேர நிர்வகிக்கும் விசென்டரின் முகவரியைத் தருவதைவிட ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டின் முகவரியை நேரடியாகத் தாருங்கள். விசென்டர் வழியாகச் சென்றால் வேகம் பல மடங்கு குறைந்துவிடும். விஎம்வேரின் பகிர்வுச் சேமிப்பான விசேனில் இருக்கும் வட்டுகளை இது எடுக்காது. வேறு தரவுக் கிடங்குக்கு முதலில் நகர்த்த வேண்டும். ஒரே நேரத்தில் நான்குக்கு மேற்பட்ட வட்டுகளை இறக்குமதி செய்தால் ஈஎஸ்எக்ஸ்ஐ கோரிக்கைகளை மறுக்கத் தொடங்கலாம். வட்டு வந்து முடியும் முன்பே இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் நேரலை இறக்குமதி வசதியும் உண்டு. பழைய இயந்திரம் அப்போதும் அணைந்தே இருக்க வேண்டும். இறக்குமதி நடுவில் அறுந்துபோனால் தொடங்கியது முதல் எழுதப்பட்ட தரவெல்லாம் போய்விடும் என்பதால், டேட்டாபேஸ் ஓடும் எதற்கும் அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். வலைப்பக்கத்தை மட்டும் பரிமாறும் சர்வருக்கு அது நல்ல வசதி.

நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1 கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு ஏறக்குறைய 110 எம்பிதான் போகும். 500 ஜிபி வட்டுக்கு அது ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். உண்மையில் இதைவிடக் கூடவே ஆகும். எனவே இரவு பத்து மணிக்கு அணைத்து நள்ளிரவுக்குள் முடிக்கலாம் என்று அலுவலகத்துக்கு வாக்குக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வழிகாட்டி ஒத்துவராதபோது கோப்புகளை நாமே நகலெடுத்து மாற்றலாம். விளக்கக் கோப்பு, ஃபிளாட் கோப்பு இரண்டையும் ஒரே கோப்பகத்தில் வைத்து, கட்டளை தரும்போது சிறிய விளக்கக் கோப்பின் பெயரைத் தர வேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் இதற்கு முதலில் வட்டில்லாத ஓர் இயந்திரத்தை உருவாக்கி, கட்டளைவரியில் க்யூஎம் டிஸ்க் இம்போர்ட் என்பதைத் தொடர்ந்து இயந்திர எண், விஎம்டிகே கோப்பின் பாதை, சேமிப்பிடத்தின் பெயர் ஆகிய மூன்றையும் தந்தால், வடிவ மாற்றமும் சேர்ந்தே நடந்து, வட்டு அந்த இயந்திரத்தில் பயன்படுத்தப்படாத வட்டாக வந்து நிற்கும். அதை இரட்டைச் சொடுக்கி இணைக்க வேண்டும். எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ் சேமிப்பிடங்களில் வட்டு ரா வடிவத்திலும், கோப்பகச் சேமிப்பிடங்களில் விருப்பப்படி க்யூகவ்2 வடிவத்திலும் அமையும்.

பிராக்ஸ்மாக்ஸ் இல்லாத வெறும் கேவிஎம் தளத்துக்குச் செல்வோர் க்யூஎம்யூவின் இமேஜ் கருவியில் கன்வர்ட் துணைக்கட்டளையைப் பயன்படுத்துவர். முன்னேற்றத்தைக் காட்டும் விருப்பம், மூல வடிவம், இலக்கு வடிவம் ஆகியவற்றை வெளிப்படையாகக் குறிப்பது நல்ல பழக்கம். மாற்றிய பின் அதே கருவியின் கம்பேர் துணைக்கட்டளையால் இரு வட்டுகளின் உள்ளடக்கமும் ஒன்றா என்று ஒப்பிடலாம். விர்ட்-வி2வி என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே சென்று, அணைந்திருக்கும் வட்டைத் திறந்து விர்ட்ஐஓ டிரைவர்களைத் தானே உள்ளே வைத்துவிடும். ரெட் ஹேட் உலகில் இதுவே வழக்கமான கருவி. ஹைபர்னேட் ஆன விண்டோஸைக் கண்டால் அது வேலையைத் தொடங்கவே மறுப்பது சரியான கண்டிப்பு.

ஓவிஏ கோப்பாக ஏற்றுமதி செய்து கொண்டுவருவதும் ஒரு வழி. ஓவிஏ என்பது வட்டையும் விளக்கத்தையும் கட்டிவைத்த டார் கோப்புதான். ஆனால் ஏற்றுமதிக்கு ஒரு முறை, நகலுக்கு ஒரு முறை, இறக்குமதிக்கு ஒரு முறை என்று தரவு பலமுறை பயணிக்க வேண்டியிருப்பதால், இரு தளங்களும் ஒரே நெட்வொர்க்கில் இல்லாதபோது மட்டுமே இதை நாடுங்கள்.

விண்டோஸின் முதல் தொடக்கம்

வந்த வட்டை நேராக விர்ட்ஐஓ ஸ்கஸியில் இணைத்துத் தொடங்கினால், இனாக்சசிபிள் பூட் டிவைஸ் என்ற நீலத்திரையைப் பார்க்க வாய்ப்பு அதிகம். அதற்கான வழி இது. தொடக்க வட்டை முதலில் சாட்டாவில் இணையுங்கள்; சாட்டா டிரைவர் விண்டோஸிடம் எப்போதும் இருக்கும். இயந்திரத்தின் ஸ்கஸி கண்ட்ரோலர் வகையை விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள் என்று வைத்து, அதில் 1 ஜிபி அளவில் வெற்று வட்டு ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள். டிரைவர் ஐஎஸ்ஓவை மெய்நிகர் சிடியாக ஏற்றி, நெட்வொர்க் கார்டின் இணைப்பைத் துண்டித்த நிலையில் தொடங்குங்கள். உள்ளே சென்று விர்ட்ஐஓ நிறுவியை மறுபடி ஒருமுறை இயக்கி, டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தில் அந்த 1 ஜிபி வட்டு தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரிந்தால் விண்டோஸ் புதிய கண்ட்ரோலரை அறிந்துகொண்டுவிட்டது என்று பொருள்.

பிறகு இயந்திரத்தை அணைத்து, சிறிய வட்டை நீக்கி, தொடக்க வட்டைச் சாட்டாவிலிருந்து கழற்றி ஸ்கஸியில் இணையுங்கள். கழற்றுவதால் தரவு அழிவதில்லை. வட்டு பயன்படுத்தப்படாத வட்டாகப் பட்டியலில் நிற்கும். அதை அங்கிருந்தும் நீக்கினால்தான் உண்மையில் அழியும், ஆகையால் அந்தப் பொத்தானிடம் கவனமாக இருங்கள். ஆப்ஷன்ஸ் பக்கத்தில் தொடக்க வரிசைக்குச் சென்று புதிய ஸ்கஸி வட்டைக் குறித்து மேலே கொண்டுவர வேண்டும். கழற்றிய கணமே பழைய வரிசை செல்லாததாகிவிடுவதால், இதைச் செய்யாமல் தொடங்கினால் இயந்திரம் நெட்வொர்க் வழியாகத் தொடங்க முயன்றுகொண்டே இருக்கும்.

தொடங்கியதும் இரண்டு காட்சிகளை எதிர்பாருங்கள். முதலாவது, விண்டோஸ் சர்வரில் இரண்டாம், மூன்றாம் வட்டுகள் ஆஃப்லைன் நிலையில் இருக்கும். புதிய கண்ட்ரோலரில் வந்த வட்டுகளை நிர்வாகியின் அனுமதியின்றித் திறக்கக் கூடாது என்ற அதன் இயல்புக் கொள்கையே காரணம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வலச்சொடுக்கி ஆன்லைன் ஆக்கினால் போதும். டேட்டாபேஸ் கோப்புகள் டி டிரைவில் இருந்தால் அதன் சேவை அதற்குள் தொடங்க முயன்று தோற்றிருக்கும். ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டாவது, புதிய கார்டில் பழைய நிலையான ஐபியைத் தரும்போது, இந்த முகவரி இப்போது கணினியில் இல்லாத வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே தரப்பட்டிருக்கிறது என்று விண்டோஸ் எச்சரிக்கும். அந்தப் பேய்க் கார்டு பழைய விஎம்எக்ஸ்நெட்3. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களையும் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால் நெட்வொர்க் பிரிவில் மங்கலான எழுத்தில் அது தெரியும். நீக்கிவிட்டு ஐபியைக் கொடுங்கள். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்தாலும் வேலை செய்வதுபோலத்தான் இருக்கும், ஆனால் இரண்டு கேட்வே பதிவுகள் இருப்பதால் எப்போதோ ஒருநாள் காரணம் தெரியாத நெட்வொர்க் குழப்பம் வரும்.

கடிகாரத்தையும் பாருங்கள். பிராக்ஸ்மாக்ஸில் இயந்திரத்தின் இயக்க முறைமை வகையை விண்டோஸ் என்று குறிக்காமல் விட்டால், மெய்நிகர் வன்பொருள் கடிகாரம் யூடிசி நேரத்தைத் தரும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அது சரியாக ஐந்தரை மணி நேரப் பின்னடைவாகத் தெரியும். டொமைனில் உள்ள சர்வருக்கு, உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாக ஐந்து நிமிட வேறுபாட்டை மட்டுமே பொறுத்துக்கொள்வதால், நேரப் பிழை உள்நுழைவுப் பிழையாக உருமாறி நம்மை வேறு திசையில் தேடவைக்கும்.

லினக்ஸ் தொடங்க மறுத்தால்

தயாரிப்பைச் செய்யாமலே வட்டைக் கொண்டுவந்துவிட்டீர்கள், இயந்திரம் அவசர ஷெல்லில் நிற்கிறது என்றால் மறுபடி நகலெடுக்க வேண்டியதில்லை. பிராக்ஸ்மாக்ஸின் ஸ்கஸி கண்ட்ரோலர் பட்டியலில் விஎம்வேர் பிவி-ஸ்கஸியும், நெட்வொர்க் கார்டு பட்டியலில் விஎம்எக்ஸ்நெட்3யும் இருக்கின்றன. இயந்திரத்தை அணைத்து அவற்றைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். உள்ளிருக்கும் லினக்ஸ் தான் பழகிய வன்பொருளைக் கண்டு எழுந்துவிடும். அங்கிருந்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டி, அணைத்து, விர்ட்ஐஓவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய வன்பொருளிலேயே விட்டுவிடும் ஆசை வரும். ஆனால் வேகத்தில் விர்ட்ஐஓவுக்கு ஈடில்லை.

யூஈஎஃப்ஐ இயந்திரங்களில் வேறொரு தடை உண்டு. எந்தக் கோப்பைக் கொண்டு தொடங்க வேண்டும் என்ற பதிவு பழைய தளத்தின் என்விராமில், அதாவது ஃபர்ம்வேரின் நினைவகத்தில், இருந்தது. அது வட்டோடு வரவில்லை. முதலில் ஈஎஃப்ஐ வட்டு ஒன்றைச் சேர்த்து, தொடங்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தி ஃபர்ம்வேர் பட்டியலுக்குச் செல்லுங்கள். பூட் மெயின்டனன்ஸ் பிரிவில் புதிய பூட் ஆப்ஷன் சேர்க்கும் இடத்தில், வட்டின் ஈஎஃப்ஐ பகுதியில் உள்ள அந்தந்த வினியோகத்தின் கோப்பகத்துக்குள் சென்று ஷிம் அல்லது கிரப் கோப்பைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் தொடங்கிவிடும்.

சிபியு வகையும் சில நேரங்களில் காரணமாக இருக்கும். ரெட் ஹேட் 9 குடும்பத்துக்கு எக்ஸ்86-64-வி2 தரத்திலாவது சிபியு வேண்டும். பழைய கேவிஎம்64 வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது தொடக்கத்திலேயே சரிந்துவிடும். ஒரே மாதிரியான சிபியு கொண்ட ஹோஸ்டுகளே இருந்தால் ஹோஸ்ட் என்ற வகை போதும். வேறுபட்ட தலைமுறை சிபியுக்கள் கலந்திருக்கும் கிளஸ்டரில் ஓடும் இயந்திரத்தை நகர்த்த வேண்டியிருக்குமாதலால் பொதுவான வகை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாற்றாமல் விடுவது நல்லது

எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரவேண்டும் என்பதில்லை. டொமைன் கண்ட்ரோலர் இரண்டு இருந்தால், பிராக்ஸ்மாக்ஸில் புதிதாக ஒன்றை நிறுவி, அது மற்றதிலிருந்து தரவைப் பெற்றுக்கொண்ட பின் பழையதை முறைப்படி விலக்குவது, வட்டை மாற்றுவதைவிடச் சுத்தமானது. ஃபயர்வால், தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் போன்றவை விற்பனையாளர் கட்டித்தந்த மெய்நிகர் சாதனங்களாக வந்திருந்தால், அவர்களே கேவிஎம்முக்கென்று தனி இமேஜ் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். அமைப்புகளை ஏற்றுமதி செய்து அதில் இறக்குவது அரைமணி வேலை. மேக் முகவரியோடும் வன்பொருள் அடையாள எண்ணோடும் உரிமத்தைப் பிணைக்கும் மென்பொருள்களுக்கு மேக் முகவரியைப் பழையபடியே வைத்துவிடலாம், பயாஸ் யூயூஐடியையும் பிராக்ஸ்மாக்ஸின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பழையதாகவே எழுதலாம். அப்படியும் விண்டோஸ் ஆக்டிவேஷனை மறுபடி கேட்கக்கூடும்.

பழைய இயந்திரத்தை என்ன செய்வது

ஒரே ஐபியோடு இரண்டு இயந்திரங்கள் எழுந்துவிடும் ஆபத்தைத் தவிர்க்க, பழையதன் அமைப்பில் நெட்வொர்க் கார்டின் தொடக்கத்தில் இணை என்ற குறியை எடுத்துவிட்டு, ஹோஸ்டின் தானியங்கித் தொடக்கப் பட்டியலிலிருந்தும் அதை நீக்குங்கள். மின்தடைக்குப் பின் ஈஎஸ்எக்ஸ்ஐ எழும்போது பழைய சர்வரும் கூடவே எழுந்து, காலையில் பாதி ஊழியர்கள் பழைய டேட்டாபேஸில் பில் போட்டுக்கொண்டிருப்பது மீள்வதற்கு மிகக் கடினமான விபத்து.

திரும்பிப்போகும் முடிவுக்கு ஒரு கெடுவை முன்பே அறிவித்துவிட வேண்டும். பயனர்கள் புதிய இயந்திரத்தில் தரவை எழுதத் தொடங்கிய பின் பழையதை எழுப்பினால் அந்த இடைப்பட்ட தரவை இழக்க வேண்டும். ஆகவே பயனர்களை உள்ளே விடும் முன்பே உள்நுழைவு, அச்சு, டேட்டாபேஸ் இணைப்பு, பகிர்ந்த கோப்புறைகள், மின்னஞ்சல் அனுப்புதல் ஆகியவற்றைச் சோதித்து, போகலாமா திரும்பலாமா என்பதை அந்த மேசையிலேயே முடிவுசெய்யுங்கள். க்யூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட்டை உள்ளே நிறுவி, பிராக்ஸ்மாக்ஸின் ஆப்ஷன்ஸ் பக்கத்திலும் இயக்கி, ஒரு முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு எண்ணில் மீட்டுத் தொடங்கிப் பார்த்த பிறகே புதிய இயந்திரத்தைப் பயன்பாட்டுக்கு வந்ததாகக் கருத வேண்டும். கணக்கு சர்வர் என்றால் பழைய வட்டை ஒரு மாத இறுதிக் கணக்கு முடியும்வரை கிடங்கில் விட்டுவையுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் அறிக்கைகளும் திட்டமிட்ட பணிகளும் அதற்குள் ஒருமுறை ஓடி முடிந்திருக்கும். அதன் பின் பழையதை ஈஎஸ்எக்ஸ்ஐயின் பட்டியலிலிருந்து நீக்கி, வட்டுக் கோப்புகளை அழித்துவிடலாம்.